காண்பதில் என்ன குற்றம்?

டெல்லியில் வாழும் அன்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள தம் மகளிடம் செல்லவிருக்கிறார். பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்து காட்டினார். மூன்றாம் நாளுக்கு நேரே 'ஆர்லாண்டோ, சீ வேர்ல்ட்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டிருந்தார்.

"ஏழு வயதுப் பேரன் திமிங்கிலத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். மகளோ வேண்டாம் என்கிறாள். நாம் அங்கு போய் எந்த உயிரையும் அடிக்கப் போவதில்லை, பார்க்கத்தானே போகிறோம்? காண்பதில் என்ன குற்றம், ஐயா?" என்று கேட்டார்.

எளிதாகத் தோன்றும் இவ்வினா அவ்வளவு எளியதன்று.

1983-ஆம் ஆண்டு ஐஸ்லாந்துக் கடலில் ஓர்கா எனப்படும் திமிங்கிலக் குட்டி ஒன்று பிடிபட்டது. அப்போது அதற்கு ஏறத்தாழ இரண்டு வயது. திலிகும் என்று அதற்குப் பெயரிட்டனர். கனடாவில் ஒரு காட்சிக்கூடத்தில் சில ஆண்டுகள் இருந்து, பின் 1992-இல் ஆர்லாண்டோவுக்கு வந்தது. ஓர்காக்கள் கூட்டமாகவே வாழ்பவை. அவற்றின் சில இனக்குழுக்களில் ஆண் பிள்ளை வாழ்நாள் முழுதும் தாயை விட்டு அகல்வதே இல்லை. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தவும், நூறு மீட்டருக்கும் கீழே மூழ்கவும் வல்ல அந்த உயிர், முப்பதாண்டுகளுக்கு மேல் தொட்டிகளில் வாழ்ந்தது. 1991, 1999, 2010 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று மனித மரணங்களில் அதற்குத் தொடர்பு இருந்தது. கடலில் வாழும் ஓர்கா மனிதனைக் கொன்றதாக உறுதியான பதிவு எதுவும் இல்லை. 2013-இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வெளிவந்தபின் எதிர்ப்பு வலுத்தது. 2016 மார்ச்சில் அந்நிறுவனம் ஓர்காக்களை இனப்பெருக்கம் செய்விப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2017 ஜனவரியில் திலிகும் இறந்தது.

அந்த அறிவிப்பு எதனால் வந்தது? எந்தச் சட்டமும் அதைச் செய் என்று அதனிடம் அப்போது கூறவில்லை என்பதல்ல. கலிபோர்னியாவில் அத்தகைய கெடுபிடி தொடங்கியிருந்தது. ஆயினும் பார்வையாளரின் மனம் மாறியதே பெருங்காரணம் என்று கருதுகிறேன். காண்பவன் வெறுமனே காண்பவன் அல்லன் என்பது இதனால் விளங்கும். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் விற்பவனையும் வாங்குபவனையும் ஒரே கயிற்றால் பிணைத்துக் காட்டுகிறார். நுழைவுச் சீட்டும் அத்தகைய கயிறுதான்.

எனினும் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே நிறுவனம் காயமுற்ற கடற்பசுக்களையும் ஆமைகளையும் மீட்டுக் குணப்படுத்திக் கடலில் விடுகிறது; இதுவும் உண்மை. தொட்டியிலேயே வளர்ந்த ஓர்காக்களைத் திறந்துவிட்டால் போதும் என்பாருக்குக் கெய்கோவின் கதை ஓர் எச்சரிக்கை. திரைப்படத்தில் நடித்துப் புகழ்பெற்ற அந்த ஓர்கா பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் 2002-இல் கடலுக்குத் திரும்பியது. ஆனால் மனிதரையே தேடி நார்வே நாட்டுக் கரைக்கு வந்து, அடுத்த ஆண்டே மறைந்தது. ஒருமுறை செய்த தவற்றைக் கதவைத் திறப்பதால் மட்டும் அழித்துவிட இயலாது. இனி எவரும் சீட்டு வாங்காவிடில் எஞ்சியிருக்கும் அவ்வுயிர்களுக்கு உணவிடுபவர் யார்? இக்கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

நம் நாடு இதில் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. 1990-களின் இறுதியில் சென்னைக்கு அருகே ஒரு பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே மாண்டன. 2013 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று மாநிலங்களுக்கு எழுதியது. (அதனால் நாம் மேலானவர்கள் என்று மார்தட்ட வேண்டியதில்லை, காலில் சங்கிலியோடு நிற்கும் யானையிடம் நாம் ஆசி பெறுவதுண்டு.)

அன்பரிடம் நான் ஒன்று கேட்டேன்: "பேரன் காண விரும்புவது திமிங்கிலத்தையா, அது குதித்து வணங்குவதையா?" அவர் சற்று யோசித்தார். குதிக்கும் ஓர்காவைக் கண்டு கைதட்டும் குழந்தை, அவ்வுயிர் நம் மகிழ்ச்சிக்காகவே படைக்கப்பட்டது என்றல்லவா கற்கும்? நான் அஞ்சுவது அந்தப் பாடத்தையே. பேரனின் ஆவலில் பிழையில்லை. அது நல்ல ஆவல்.

ஆர்லாண்டோவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் புளூ ஸ்பிரிங் என்னும் அரசுப் பூங்கா இருக்கிறது. ஆண்டு முழுதும் 22 பாகை வெம்மையோடு ஊறும் ஊற்று அது. குளிர்காலத்தில் ஆற்று நீர் சில்லிடும்போது நூற்றுக்கணக்கான கடற்பசுக்கள் தாமாகவே அங்கு வந்து சேரும். கரையில் மரப்பலகை நடைபாதையில் நின்று அவற்றைக் காணலாம். அவை குதிப்பதில்லை, வணங்குவதுமில்லை. வெயில் ஏறி ஆறு சூடேறினால், நம்மைக் கேளாமலே போய்விடும்.

டெல்லிக்காரரான அவருக்கு இன்னொன்றையும் நினைவூட்டினேன். பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகரின் தூணில், கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியல் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் வரும் ஒரு பெயர் கங்கை டால்பினையே குறிக்கும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வுயிர் இன்றும் பீகாரில், சுல்தான்கஞ்சுக்கும் ககல்காவுக்கும் இடைப்பட்ட கங்கையில் மூச்சுவிட மேலெழுகிறது. பார்ப்பதற்கு மிகவும் பொறுமை வேண்டும்; முதுகு ஒரு நொடி தெரியும், அவ்வளவே.

அன்பர் தம் தாளில் மூன்றாம் நாளுக்கு நேரே இருந்ததை அடித்துவிட்டுப் 'புளூ ஸ்பிரிங்' என்று எழுதினார். கேள்விக்குறியை மட்டும் அடிக்கவில்லை. "பேரனிடம் கேட்டுக்கொண்டு சொல்கிறேன், ஐயா. இதையெல்லாம் அவனுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது என் கவலை" என்றார்.