வாங்கும் கையின் அறம்

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர்ப் படிப்பகம். சென்ற கோடையில் அதற்கு ஒரு மடிக்கணினி வந்தது. பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. வேலை கிடைத்து வெளியூர் போன பெண்ணொருத்தி, ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்த பழைய இயங்குதளம் திறக்கவே கால்மணி நேரம் பிடித்தது. அதை எடுத்துவிட்டு, லினக்ஸ் வகைகளில் இலகுவான லுபுண்டுவைப் போட்டோம். கணினிக்கு மீண்டும் உயிர் வந்தது.

அச்சடிக்க நல்ல தமிழ் எழுத்து வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, கும்பகோணத்தில் டி.டி.பி. வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டினான்.

“முந்நூறு ஃபான்ட் இருக்குண்ணே. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், புத்தகம், எல்லாத்துக்கும் ஆகும். அப்படியே காப்பி பண்ணிக்குங்க.”

“இதெல்லாம் யாரோடதுப்பா?”

“யாரோடதுன்னா என்னண்ணே? எல்லாக் கடையிலயும் இதுதான் ஓடுது. நம்ம தமிழ் எழுத்துதானே, அதுக்கு யாரு சொந்தக்காரன்?”

அவன் கெட்ட பிள்ளை அல்ல. கேட்காமலே உதவ வந்தவன். அவன் கேட்ட கேள்வியும் அற்பமானதல்ல. அன்றிலிருந்து அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ் எழுத்துக்குச் சொந்தக்காரர் இல்லை என்பது உண்மை. நெல்லுக்கும் தனியொரு சொந்தக்காரர் இல்லை. ஆனால் களத்தில் குவிந்து கிடக்கும் நெல்லுக்கு உண்டு. உழுது, நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து அதைக் களத்துக்குக் கொண்டுவந்தவர் ஒருவர் இருக்கிறார். எழுத்துருவும் அப்படித்தான். 12 உயிர், 18 மெய் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வரைகிறவருக்கு அது போதாது. கு, கூ, து, தூ, நு, நூ என்று உகரமும் ஊகாரமும் ஏறும்போது ஒவ்வொரு மெய்க்கும் உருவம் மாறுகிறது. அதற்கு மட்டுமே 36 வடிவங்கள் தனித்தனியாக வேண்டும். ‘கொ’ என்று தட்டினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே எவ்வளவு வெளி என்று கண்ணால் அளந்து அளந்து திருத்த வேண்டும். மாதக்கணக்கில் ஒருவர் குனிந்து செய்த வேலையைத்தான் நாம் ஒரு நொடியில் நகலெடுக்கிறோம்.

இந்த உழைப்பு டெல்டாவுக்குப் புதிதுமல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குவுக்குத் தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. அவை அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே தரங்கம்பாடியிலேயே உலோகத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காவிரி டெல்டாவின் கடற்கரையில், ஈயத்தில் வார்த்த அந்தச் சிறு துண்டுகளை இன்றைய எழுத்துருக்களின் மூதாதையர் என்று சொல்லலாம். அன்று ஓர் எழுத்தைத் திருடுவதென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடினால் பெட்டிக்காரரிடம் பெட்டி இருக்காது. இன்று நகலெடுத்தால் அவரிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. அதனால்தான் அது திருட்டு என்று நமக்கு உறைப்பதில்லை.

எனக்கு உறைத்தது வேறொரு வழியில். என் தந்தை தொடக்கப்பள்ளி ஆசிரியர். எங்கள் பக்கத்து வாய்க்கால்களின் பெயர்களையும், எந்த மடை எந்த நிலத்துக்குப் பாயும் என்பதையும், முறை வைத்துத் தண்ணீர் விட்ட வழக்கங்களையும் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். 2002இல் அதை ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்ய வைத்தேன். குறுந்தகட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன். அவர் காலமான பிறகு, புத்தகமாக்கலாம் என்று திறந்தால் திரை முழுக்க ரோமன் எழுத்துகளும் குறிகளும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த பழைய வகை எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பு ஊமை. கடையில் இருந்ததோ எங்கிருந்தோ நகலெடுத்து, பெயரையும் மாற்றி வைத்தது. ஆக, அதை ஆக்கியவர் யார், எந்தக் குறியீட்டில் ஆக்கினார் என்று கேட்டு அறியவும் வழியில்லை. உரியவர் பெயரை அழித்துவிட்டு வாங்கிய பொருளுக்கு ஒரு நெருக்கடி வந்தால், போய் நிற்க வாசல் இருக்காது. அந்தக் கடையை நான் குறை சொல்லவில்லை. எழுத்துரு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்தான்.

இப்போது கொடுத்தவர்களின் பக்கம் திரும்புகிறேன்.

தஞ்சாவூர் மாவட்டத்தின் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தில் பிறந்தவர் உமர்தம்பி. ஒருங்குறி என்னும் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான கணினிகளில் ஒருங்குறித் தமிழைக் காட்டும் எழுத்துரு இல்லை. இணையத்தில் ஒருவர் தமிழில் எழுதினால் படிப்பவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். படிப்பவர் எதையும் நிறுவத் தேவையில்லாமல், பக்கத்தோடு சேர்ந்தே இறங்கி எழுத்தைக் காட்டும் ‘தேனீ’ என்ற எழுத்துருவை உமர்தம்பி உருவாக்கினார். தமிழ் தட்டச்சுக்கான கருவிகளையும் ஆக்கினார். எதற்கும் விலை வைக்கவில்லை. தமிழில் வலைப்பதிவு எழுதத் தொடங்கிய முதல் தலைமுறையில் பலர் அவர் எழுத்தின் மேல் நடந்து வந்தவர்கள். 2006 ஜூலையில், 53 வயதில் அவர் மறைந்தார். அவருடைய ஊர் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வரும் தொலைவுதான். அவர் பெயர் எங்கள் படிப்பகப் பிள்ளைகள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்குமே வெகுகாலம் கழித்துத்தான் தெரியும்.

ஈகையைப் பற்றி நம்மிடம் பேச்சு நிறைய உண்டு. எப்படிக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எப்படி வாங்க வேண்டும் என்று யாரும் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. வாங்கும் கைக்கும் ஓர் அறம் இருக்கிறது. கொடுத்தவர் இன்னார் என்று அறிவது அதன் முதற்படி. என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்பது இரண்டாவது. அந்தச் சொல்லைக் காப்பது மூன்றாவது.

இதை எனக்குப் புரிய வைத்தது கணினி அல்ல, விதைநெல். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமனை டெல்டாவில் அறியாதவர் குறைவு. அழிந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல் வகைகள் 160க்கும் மேல் தேடி மீட்டவர். 2018 டிசம்பரில் மறைந்தார். திருவிழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார்கள். காசு வாங்குவதில்லை. ஒரு சொல் மட்டும் வாங்குவார்கள்: அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த 4 கிலோ வேறு இரண்டு உழவருக்குப் போகும். விலை இல்லை, ஆனால் நிபந்தனை உண்டு. அந்த ஒரு நிபந்தனையால்தான் கைப்பிடி நெல் ஊர் ஊராகப் பரவியது. அதை மறந்து எல்லோரும் பொங்கித் தின்றிருந்தால் முதல் ஆண்டோடு விதை முடிந்திருக்கும்.

கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள் பலவும் இதே நெறியில் எழுந்தவை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதன் பொதுமக்கள் உரிமம் வெளியானது. பயன்படுத்து, படி, திருத்து, பகிர்; ஆனால் நீ பகிரும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமையை அடுத்தவருக்கும் கொடு என்பதே அதன் சாரம். தலைமடைக்காரர் தன் வயல் நிறைந்ததும் மடையை அடைத்துவிட்டால் கடைமடைக்காரரின் பயிர் கருகும். அது கூடாது என்று சொல்லும் உரிமம் அது. ‘இலவசம்’ என்றும் ‘கட்டற்றது’ என்றும் தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

எழுத்துருக்களுக்கென்றே எஸ்.ஐ.எல். அமைப்பு எழுதிய திறந்த எழுத்துரு உரிமம் 2005இல் வந்து, 2007இல் திருத்தம் பெற்றது. அதை ஒரு மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். எழுத்துருவை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பரப்பலாம். அதை மட்டும் தனியே விற்கக் கூடாது. திருத்திய வடிவத்தையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ஆக்கியவர் ஒதுக்கி வைத்த பெயரைத் திருத்திய வடிவத்துக்குச் சூட்டக் கூடாது. ஆக்கியவரின் உரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது. அந்த எழுத்தில் நாம் அச்சிடும் புத்தகத்துக்கோ பத்திரிகைக்கோ எந்தக் கட்டும் இல்லை.

“பெயரை ஏன் மாத்தணும்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். மாப்பிள்ளைச் சம்பாவோடு வேறு நெல்லைக் கலந்துவிட்டு அதையும் மாப்பிள்ளைச் சம்பா என்றே விற்றால், வாங்குகிறவர் ஏமாறுவார், விதை காத்தவரின் பெயர் கெடும் என்றேன். அவள் வீட்டில் நெல் விளைகிறது, உடனே பிடித்துக்கொண்டாள். “அப்ப புத்தகத்துக்கு ஏன் கட்டு இல்ல?” என்று அவளே கேட்டு, “அது சோறு, இதுதான் விதை” என்று அவளே பதிலும் சொன்னாள்.

ஆக்கியவர் பெயரைக் காப்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. தொலைவில்லாத உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர். பதிப்பித்த நூல்களின் முகவுரைகளில், எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று நன்றியோடு எழுதி வைத்தார். அச்சான நூல் உலகத்துக்குப் போய்விட்டது. ஏட்டைக் காத்துக் கொடுத்தவரின் பெயரும் அதோடு சேர்ந்து போயிற்று.

இன்னொரு கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஏழைப் பிள்ளை என்ன செய்வான்? ஒரு மென்பொருளின் விலை ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை விழுங்குகிற ஊரில், நகலெடுத்தவனைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு வழியே இல்லாத காலத்தில் சிறு அச்சகங்கள் அப்படித்தான் பிழைத்தன. தெரிந்தே திருட்டு மென்பொருளைக் கணினியில் ஓட்டுபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க நம் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் நான் சட்டத்துக்கு அஞ்சிப் பேசவில்லை. இன்று வழி இருக்கிறது என்பதால் பேசுகிறேன். ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட லோஹித் எழுத்துருக்கள் 2011 முதல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. கூகிளின் நோட்டோ வரிசையில் தமிழுக்கு இரண்டு பாணிகளில் எழுத்து உண்டு. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த காட்டமரான் இருக்கிறது. மீரா இனிமை, கேரளத்தின் கட்டற்ற மென்பொருள் குழுவினர் தமிழுக்காக ஆக்கிக் கொடுத்தது. மலையாளிகள் உட்கார்ந்து நமக்கு எழுத்து வரைந்திருக்கிறார்கள் என்று அறிந்த அன்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இவ்வளவும் வாசலில் கிடக்கும்போது திருட்டு நகலைத் தேடுவதற்கு வறுமை காரணமல்ல, பழக்கம்தான் காரணம்.

பழக்கம் எவ்வளவு ஆழம் என்பதையும் கண்டேன். அலுவலகங்களிலிருந்து வரும் ஆங்கிலப் படிவங்கள் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துகளில் அமைந்தவை. எங்கள் கணினியில் திறந்தால் வரிகள் புரண்டன. மைக்ரோசாஃப்ட் 1996 முதல் இணையத்துக்கென்று விலையின்றிக் கொடுத்து, 2002இல் நிறுத்திக்கொண்ட எழுத்துருக்கள் அவை. மாற்றாமல் அப்படியேதான் பரப்பலாம் என்பது அவற்றின் உரிமம். அதனால் லினக்ஸ் அவற்றைத் தன்னோடு சேர்த்துக் கொடுப்பதில்லை. நிறுவும்போது உரிமத்தை முழுவதும் திரையில் விரித்து, சம்மதமா என்று கேட்கிறது. பக்கத்தில் இருந்த பையன் படிக்காமலே கையை நீட்டி ஓகேயை அழுத்தப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஓர் இயந்திரம்கூட நம்மிடம் சொல் கேட்கிறது. படிக்காமல் சொல் கொடுக்கலாமா? படித்துப் பார்த்த பின், அதே அகலத்தில் எழுத்துகள் அமைந்த லிபரேஷன் எழுத்துரு 2007 முதல் கட்டற்றதாகவே இருக்கிறது என்று தெரிந்தது. அதையே போட்டோம். வரிகள் இடத்துக்கு வந்தன.

பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன். தெருப் பையன் முகம் சுருங்கியது. அவனையே பக்கத்தில் உட்கார வைத்து, உரிமம் தெளிவான எழுத்துருக்களை இறக்கி, அடைவில் போட்டு, லிப்ரே ஆபீஸில் அவை வரிசையாகத் தெரிவதைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “இதை எங்க கடையிலயும் போடலாமாண்ணே?” என்றான். “போடலாம். அதுக்குத்தான் கொடுத்திருக்காங்க” என்றேன்.

ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு முன்னால் ஊர்கூடி வாய்க்காலைத் தூர்வாரும் குடிமராமத்து வழக்கத்தை என் தந்தை தன் குறிப்புகளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். தண்ணீர் வாங்குகிற ஒவ்வொரு வீடும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். ஊமையாகிப்போன அந்தக் கோப்பை விட்டுவிட்டு, அன்று கடையில் எடுத்த பழைய அச்சுப் பிரதியைப் பார்த்துப் பிள்ளைகள் இப்போது ஒருங்குறியில் மீண்டும் தட்டுகிறார்கள். மீரா இனிமையில்தான் தட்டுகிறார்கள். ஓரிடத்தில் எழுத்துகளுக்கிடையே வெளி சரியாக விழவில்லை என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தாள். அதை ஆக்கியவர்களுக்கு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாங்கியவர் வீட்டிலிருந்து ஓர் ஆள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை இப்போதே அமைத்துவிட்டோம். எழுத்துருவின் பெயர், ஆக்கியவர்களின் பெயர், உரிமத்தின் பெயர். அதன் கீழே, வாய்க்கால் பெயர்களைச் சொன்ன முதியவர்களின் பெயர்கள். தந்தையின் நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் எல்லோர் பெயரும் இருந்தது. அவர் ஒருவரையும் விடவில்லை.