தூக்குப்படுக்கையை விட்டு இறங்கியவர்



போர்வீரன் ஒருவனின் மார்பிலே பதக்கத்தைக் கண்டால், இவன் எத்தனை பேரை வீழ்த்தினானோ என்று எண்ணுவது உலகத்தின் வழக்கம். எவரையும் வீழ்த்தாமல், போரிட ஆயுதம் ஏந்தாமல், அமெரிக்க நாட்டின் அதியுயர் வீரப்பதக்கத்தைப் பெற்ற ஒருவரைக் குறித்து இன்று சிந்திப்போம். அவர் பெயர் டெஸ்மண்ட் டொஸ்.

1919ஆம் ஆண்டு வேர்ஜீனியா மாநிலத்திலே ஒரு தச்சுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். அவருடைய வீட்டுச் சுவரில் பத்துக் கட்டளைகளை விளக்கும் படமொன்று தொங்கியது. காயின் தன் தம்பியைக் கொன்றுவிட்டு நிற்கும் காட்சி அச்சிறுவனின் நெஞ்சிலே ஆழப் பதிந்துவிட்டது. 1942இல் படையில் சேர்ந்தபோது, காயப்பட்டோருக்கு உதவுவேன், துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று உறுதியாக நின்றார். கூட இருந்தவர்கள் ஏளனம் செய்தார்கள். அதிகாரிகள் அவரை வெளியேற்றவும் முயன்றார்கள். அவர் அசையவில்லை.

1945 மே மாதம், யப்பானின் ஒக்கினாவாத் தீவிலே, செங்குத்தான மலைமுகட்டில் கடும் தாக்குதலுக்கு உள்ளான படையினர் பின்வாங்கினர். காயப்பட்டோர் மேலேயே கிடந்தனர். டொஸ் அவர்களை விட்டு அகலவில்லை. ஒவ்வொருவராக விளிம்புக்குக் கொணர்ந்து, கயிற்றிலே கட்டிக் கீழே இறக்கினார். இன்னும் ஒருவரைக் காப்பாற்ற உதவும் ஆண்டவரே என்பதே அன்று அவருடைய செபம். ஏறத்தாழ 75 பேரை அவர் காப்பாற்றியதாகக் கூறப்படுகிறது.

அதே மாதம் 21ஆம் திகதி இரவு, கைக்குண்டு வெடித்து அவருடைய கால்களே சிதைந்தன. மறைவில் இருந்த வேறொரு மருத்துவ உதவியாளரை ஆபத்துக்குள் அழைக்க மனமில்லாமல், தன் காயங்களுக்குத் தானே கட்டுப் போட்டு ஐந்து மணி நேரம் காத்திருந்தார். பின்னர் தூக்குப்படுக்கையில் அவரைக் கொண்டு செல்லும் வழியில், தம்மிலும் மோசமாகக் காயமுற்ற ஒருவரைக் கண்டார். உடனே படுக்கையை விட்டுத் தவழ்ந்து இறங்கி, அவரை முதலில் கவனியுங்கள் என்று பணித்தார். அதன் பின்னர் ஒரு குண்டு அவருடைய கையையும் முறித்தது. சுடுவதற்குத் தொடமாட்டேன் என்ற துப்பாக்கியின் கட்டையை முறிந்த கைக்கு மட்டையாக வைத்துக் கட்டிக்கொண்டு, 300 யார் தூரம் தவழ்ந்து சென்றார்.

1945 ஒக்டோபரில் ஜனாதிபதி ட்றூமன் அவருக்குப் பதக்கம் அணிவித்தார். போர்க்களத்தில் பற்றிய காசநோயால் பின்னர் ஒரு நுரையீரலை இழந்து, 2006இல் இறைவனடி சேர்ந்தார்.

அன்பானவர்களே, டொஸ் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஏழாம்நாள் அட்வென்ரிஸ்ட் சபையினர். யேசு நமக்கு முன்மாதிரியாகக் காட்டிய சமாரியனும் யூதர் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன். வழியோரம் குற்றுயிராகக் கிடந்தவனைச் சமாரியன் தன் வாகனத்திலே ஏற்றினான். ஏற்றியவன் நடந்தல்லவா போயிருப்பான்?

கால் சிதைந்த டொஸ் அந்தப் படுக்கையிலேயே கிடந்திருந்தால் எவர் குறை கூறுவர்? நமக்கும் காயங்கள் உண்டு. கடன் உண்டு, நோய் உண்டு, இழப்பு உண்டு. முதலில் என் பாடு தீரட்டும், பிறகு பார்ப்போம் என்கிறோம். அந்தப் பிறகு வருவதேயில்லை. அயல்வீட்டு நோயாளி காத்திருக்கிறார். பேசாதிருக்கும் அண்ணனோ தம்பியோ காத்திருக்கிறார்.

நம் காயம் ஆறுமுன்னரே நம்மிலும் நொந்தவரைக் காணும் கண்களை இந்த வாரம் ஆண்டவரிடம் கேட்போம். எல்லாரையும் அல்ல, இன்னும் ஒருவரையாவது தாங்கும் வரத்தை அவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.