குறைந்த தீங்கும் மின் சிகரெட்டும்

சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் ஒருவர், அதைவிடத் தீங்கு குறைந்த ஒன்றுக்கு மாறிக்கொள்ளலாமா? மார்க்கம் அதற்கு இடம் தருகிறதா? இந்தக் கேள்வி இப்போது நம் வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் மகனின் பெட்டியில் பேனாவைப் போன்ற ஒரு கருவி இருக்கிறது. "இது சிகரெட் இல்லை வாப்பா, வெறும் ஆவிதான். லண்டனில் டாக்டர்களே இதைக் குடிக்கச் சொல்கிறார்கள்" என்கிறான். முப்பது வருடங்களாக நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளும் வாப்பாவுக்கும் ஆசை பிறக்கிறது. உம்மாவோ, இது கூடுமா கூடாதா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்கிறார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் கேட்பவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. ஒரு கொடிய பழக்கத்திலிருந்து வெளியே வர வழி தேடுகிறார். அவருக்குச் சொல்லும் பதில் அறிவுக்கும் மார்க்கத்துக்கும் பொருந்தியதாக இருக்க வேண்டாமா?

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் 2003-ஆம் ஆண்டு இன்றைய மின் சிகரெட்டை உருவாக்கினார். இதில் புகையிலை எரிவதில்லை. நிக்கோட்டின், கிளிசரின், வாசனைச் சரக்குகள் முதலியவை கலந்த திரவத்தை பாட்டரியால் சூடாக்கி ஆவியாக்கி உள்ளிழுக்கிறார்கள். இதன் பின்னால் உள்ள எண்ணம் இன்னும் பழையது. மனிதன் புகைப்பது நிக்கோட்டினுக்காக, ஆனால் அவனைச் சாகடிப்பது புகையிலுள்ள தார் என்று பிரிட்டனின் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976-லேயே எழுதினார். நிக்கோட்டின் அடிமைப்படுத்துகிறது. புற்றுநோய்க்குப் பெரும் காரணம் எரியும் இலையின் புகை. ஆகவே எரிப்பதை நிறுத்திவிட்டு நிக்கோட்டினை மட்டும் கொடுத்தால் உயிர்கள் பிழைக்குமே என்பது அவர்கள் வாதம். இதற்குத் தீங்கு குறைப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

புகையிலை பற்றி நம் உலமாக்கள் விவாதிப்பது இது முதல் தடவையன்று. உதுமானிய நாட்டில் புகையிலை பரவிய காலத்தில், 1633-இல், சுல்தான் நான்காம் முராத் அதைத் தடுத்து, மீறியவர்களுக்கு மரண தண்டனையே விதித்தார். எகிப்தின் மாலிக்கி ஆலிம் இப்ராஹீம் அல்லகானீ (ரஹ்) அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். திமிஷ்கின் ஹனஃபி அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலூஸீ (ரஹ்) அவர்களோ, 'அஸ்ஸுல்ஹு பைனல் இக்வான்' என்று ஒரு நூலே எழுதி, தடை செய்ய ஆதாரமில்லை என்று வாதித்தார்கள். இரு தரப்பாரும் மாபெரும் அறிஞர்களே. அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: புகையிலை உடம்புக்குள் என்ன செய்கிறது என்ற உறுதியான அறிவு. அது 1950-க்குப் பிறகுதான் கிடைத்தது. ரிச்சர்ட் டாலும் அவருடைய சகாக்களும் 34,439 பிரிட்டிஷ் டாக்டர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தார்கள் என்று 2004-இல் அறிவித்தார்கள். பத்தாண்டுகள்! எத்தனை ரமலான்கள், எத்தனை பேரக் குழந்தைகளின் முகங்கள்!

இதன் பிறகும் 'மக்ரூஹ்தானே' என்று சொல்லிக்கொண்டு பள்ளிவாசல் வாசலிலேயே பற்ற வைப்பவர்களுக்கு நாம் என்ன சொல்வது? நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195-ஆம் வசனம் தடுக்கிறது. நம்மை நாமே மாய்த்துக்கொள்வதை அந்நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனம் தடுக்கிறது. இக்கால உலமாக்களில் பெரும்பாலோர் சிகரெட்டை ஹராம் என்று தீர்ப்பளித்தது, அதன் தீங்கு நிரூபணமான காரணத்தால்தான்.

இங்கேதான் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். தீங்கை அளந்து பார்த்துச் சிகரெட்டுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, மின் சிகரெட்டின் முறை வரும்போது அளவுகோலைச் சுருட்டி வைத்துவிடக் கூடாது. எவ்வளவு தீங்கு, யாருக்குத் தீங்கு என்று கேட்டே ஆக வேண்டும்.

இரு தீங்குகளில் ஒன்று தவிர்க்க முடியாமற் போனால் பெரியதைத் தடுக்கச் சிறியதை ஏற்பது நம் ஃபிக்ஹில் நன்கறியப்பட்ட விதி. ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், நன்மை தீமைகளை எடைபோடுவது பற்றியே ஒரு பெரும் நூல் செய்தார்கள். கிராமவாசி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியில் சிறுநீர் கழிக்கத் தொடங்கியபோது, ஸஹாபாக்கள் பாய்ந்து தடுக்க எழுந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ அவரை முடிக்க விட்டு, பிறகு அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். இடையில் விரட்டியிருந்தால் அசுத்தம் பள்ளி முழுவதும் பரவியிருக்கும். அவருக்கும் துன்பமாகியிருக்கும். அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் ஹிள்ரு (அலை) அவர்கள் ஏழைகளின் படகைப் பழுதாக்கிய சரிதையும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் இருந்தான். பலகையை உடைத்ததால் படகு தப்பியது.

இந்தச் சரிதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். படகு உண்மையாகவே ஆபத்தில் இருந்தது. உடைத்தது சிறிய அளவு, பிறகு செப்பனிட்டுக்கொள்ளக் கூடியது. கரையில் பத்திரமாகக் கிடக்கும் படகின் பலகையை ஹிள்ரு (அலை) உடைத்தார்கள் என்று எங்கும் இல்லை. குறைந்த தீங்கு என்ற வாதம், ஏற்கெனவே பெரிய தீங்கில் சிக்கியவருக்கு மட்டுமே உரியது. சிக்காதவருக்கு அது புதிய தீங்கு. பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டிராமல், மாம்பழ வாசனைக்காக இந்தக் கருவியை வாயில் வைத்தால், அவன் எந்தத் தீங்கைக் குறைத்தான்?

அப்படி வைத்தவர்கள் சிலரல்லர். அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதத்தினர் மின் சிகரெட் இழுப்பதாகச் சொன்னார்கள். பிறகு அந்த எண் வெகுவாகக் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் அரசின் பொதுச் சுகாதார அமைப்பு, இது சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று 2015-இல் அறிவித்தது. அந்த எண்ணுக்கு ஆதாரம் பலவீனமானது என்று 'லான்செட்' மருத்துவ இதழ் அப்போதே கண்டித்தது. எண் எதுவாயினும், எரியும் சிகரெட்டைவிட இதில் நச்சு மிகக் குறைவு என்பதை எதிர்த் தரப்பு மருத்துவர்களிலும் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். நீண்ட கால விளைவு முழுவதும் தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இங்கிலாந்து அரசு 2023-இல், பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு மின் சிகரெட் கொடுத்துச் சிகரெட்டை நிறுத்தச் செய்யும் திட்டத்தை அறிவித்தது. அதே நாடு 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து, ஒருமுறை இழுத்துவிட்டு எறியும் வகையை விற்கவே தடை போட்டது. குப்பையும் காரணம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் அது மலிந்ததும் காரணம்.

2019-இல் அமெரிக்காவில் இக்கருவிகளால் நுரையீரல் நோய் கண்டு 68 பேர் மாண்டதை நம் மேடைகளில் சிலர் எடுத்துச் சொல்கிறார்கள். அந்த மரணங்களுக்கு முக்கியக் காரணம், கஞ்சாச் சத்து கலந்த கள்ளத் திரவங்களில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்று பின்னர் கண்டறிந்தார்கள். இதை மறைத்துவிட்டுப் பயமுறுத்துவது சாட்சியத்தில் குறை வைப்பதாகும். நல்ல நோக்கத்துக்காகவும் அது கூடாது.

எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொரு ஆய்வு. இங்கிலாந்தில் புகைப்பவர்கள் 886 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மின் சிகரெட்டும், மற்றதற்கு நிக்கோட்டின் ஒட்டுப் பட்டை, மெல்லும் பசை போன்ற மருந்துகளும் கொடுத்தார்கள். 2019-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு கழித்து, முதற் பிரிவில் 18 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 9.9 சதவீதத்தினரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். ஏறக்குறைய இரு மடங்கு! ஆனால் அப்படி விட்டவர்களில், மின் சிகரெட்காரர்கள் நூற்றுக்கு 80 பேர் ஓராண்டுக்குப் பின்னும் அதையே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்துப் பிரிவில் விட்டவர்களில் மருந்தைத் தொடர்ந்தவர் 9 பேர்தாம்.

மதுவைக் கூடப் படிப்படியாகத்தானே மார்க்கம் தடுத்தது என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். அல்பகரா 219-ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்காமல், பாவமே பெரிது என்று எடைபோட்டுக் காட்டியது. பிறகு தொழுகை நேரத்தில் போதை தடுக்கப்பட்டது. பிறகு அல்மாயிதாவில் முற்றிலும் விலக்கப்பட்டது. ஒவ்வொரு படியும் வெளியேறும் வாசலை நோக்கி இருந்தது. படியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இருக்கவில்லை. அந்த 80 சதவீதத்தைப் பார்க்கும்போது எங்களுக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. ஆயினும் படியில் படுத்திருப்பவர், எரியும் வீட்டுக்குள் இருப்பவரைவிட மேலான நிலையில் இருக்கிறார் என்பதையும் மறுக்க முடியவில்லை.

மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 2015 டிசம்பரில் மின் சிகரெட்டை ஹராம் என்று அறிவித்தது. இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா இயக்கம் 2020-இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் 2018 முதல் அதை வைத்திருப்பதே குற்றம். ஐக்கிய அரபு எமிரேட்டுகளிலோ 2019 முதல் சட்டப்படி விற்பனையாகிறது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் அனைத்தையும் தடுத்துவிட்டது. முதற் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகவே வளைகுடாவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டு வருவது, மார்க்கச் சட்டத்தைப் பேசுவதற்கு முன்பே நாட்டுச் சட்டத்தில் சிக்கிக்கொள்ளும் காரியம். கள்ளச் சந்தையில் வாங்குபவருக்குத் தாம் இழுக்கும் திரவத்தில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. பாவத்தை ஏவாத சட்டத்துக்குக் கட்டுப்படுவது நம் கடமை.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஒரு முரண்பாடு இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். தீங்கு குறைந்தது என்று சொல்லப்படுவதற்குச் சிறை. தீங்கு மிகுந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பீடியும் சிகரெட்டும் ஒவ்வொரு பெட்டிக் கடையிலும் தொங்குகின்றன. இதைக் கேட்கும்போது நம் முதுகையும் திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. மேலப்பாளையத்திலும் வேலூர்ப் பகுதியிலும் எத்தனை முஸ்லிம் வீடுகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சுற்றுகிறார்கள்! அந்தத் தூளைச் சுவாசிப்பது அவர்கள் நெஞ்சு. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. வேறு பிழைப்புக் காட்டாமல் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? மஹல்லா ஜமாஅத்துகள் மின் சிகரெட்டைப் பற்றி ஜுமுஆவில் ஒரு தடவை பேசினால், பீடித் தட்டுக்கு மாற்றுத் தொழில் பற்றிப் பத்துத் தடவை பேச வேண்டியிருக்கும்.

மேலும், 2016-17-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் பெரும்பகுதி புகைப்பவர்களல்லர், மெல்லுகிறவர்கள். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பெரியம்மாவுக்கு இந்தக் கருவியால் ஆவது ஒன்றுமில்லை.

எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். புகைப் பழக்கம் இல்லாதவர் இதைத் தொடுவது கூடாது. இதில் தயக்கத்துக்கே இடமில்லை. இந்நாட்டில் வாழ்கிறவர் சிகரெட்டை விட விரும்பினால், சட்டம் அனுமதிக்கும் ஒட்டுப் பட்டை, மெல்லும் பசை, டாக்டர் தரும் மாத்திரை இவை இருக்க, கள்ளக் கருவியைத் தேட நிர்ப்பந்தம் எதுவுமில்லை. இது சட்டப்படி கிடைக்கும் நாட்டில் வசிப்பவர், மற்ற வழிகளையெல்லாம் முயன்று தோற்று, மருத்துவர் சொற்படி இதற்கு மாறினால், அவரைப் பாவி என்று ஏச நாங்கள் துணிய மாட்டோம். ஆனால் சிகரெட்டை அறவே விட்டிருக்க வேண்டும். காலையில் அது, மாலையில் இது என்பவர் எதையும் குறைக்கவில்லை. இதையும் விடும் நாளைக் குறித்து வைத்திருக்க வேண்டும். இதை ஹலால் என்று நாங்கள் சொல்வதாக எவரும் கொண்டு போக வேண்டாம்.

இனி நோன்பு விஷயம். ரமலானில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் புகைக்காமல் இருப்பவர்தான், மற்ற மாதங்களில் ஒரு மணி நேரம் தாங்க முடியாது என்கிறார்! விட நினைப்பவருக்கு இதைவிட நல்ல தருணம் இல்லை. நோன்புப் பகலில் மின் சிகரெட் இழுத்தால் நோன்பு முறிந்துவிடும். அதன் ஆவி திரவத்தின் நுண்துளிகளே. வேண்டுமென்றே உள்ளே செலுத்தப்படுகிறது. சாம்பிராணி வாசம் தானாக மூக்கில் படுவதோடு இதை ஒப்பிடக் கூடாது. நிக்கோட்டின் பசையை மெல்லுவதும் நோன்பை முறிக்கும்; அதை இஃப்தாருக்குப் பின் ஸஹர் வரையில் வைத்துக்கொள்ளலாம். தோலில் ஒட்டும் பட்டை முறிக்காது. உடம்பில் தேய்த்த எண்ணெய் மயிர்க்கால் வழியே உட்செல்வது நோன்பை முறிக்காது என்று ஷாபிஈ, ஹனஃபி நூல்களில் உள்ள சட்டமே இதற்கும் பொருந்தும். எந்த அளவுப் பட்டையில் தொடங்கி எத்தனை வாரத்தில் குறைப்பது என்பதை ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் கட்டணமில்லாப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356.