தாய் இறாலின் கண்

வாசுதேவநல்லூருக்குக் கடல் கிடையாது. மேற்கே மலை, அடிவாரத்தில் எலுமிச்சைத் தோப்பும் வயலும், தெருவுக்குத் தெரு மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து சேர்கிற மீன்தான் எங்களுக்குத் தெரிந்த கடல். அதிலும் இறால் அபூர்வம், மருமகன் விருந்துக்கு வந்தால் வாங்குவார்கள். வகுப்பில் பல வருடமாக நெய்தல் திணை நடத்துகிற நானும் நாற்பது வயதுவரை இறாலைக் குழம்பில்தான் பார்த்திருந்தேன். சங்கப் பாட்டில் அதன் பெயர் இறவு. அங்கேயும் அது பெரும்பாலும் உணவுதான். நாரை தின்னும், இல்லாவிட்டால் மணலில் காயும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரி விலங்கியல் மாணவிகளை மரக்காணம் பக்கம் ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். பெண் பிள்ளைகள் இரவுப் பேருந்தில் போகிறார்கள், துணைக்கு ஒரு மேடம் வேண்டும் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள்.

மங்கலான வெளிச்சத்தில் பெரிய கறுப்புத் தொட்டிகள். தொட்டிக்குள் வனாமி இறால்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. கணவாயும் கடற்புழுவும் தீனி. “இதெல்லாம் தாய் இறால்” என்றார் அங்கிருந்த இளைஞர். இன்னும் ஒரு முட்டைகூட இடவில்லையே என்றாள் ஒருத்தி. அவர் சிரித்தார். “இடப்போகுதுல்லம்மா. அதுக்குத்தான வாங்கியிருக்கோம்.”

பிறகு ஒரு பெண் இறாலைக் கையில் எடுத்து ஈரத்துணியால் சுற்றினார். இறாலின் கண்கள் இரண்டும் சிறு காம்புகளின் நுனியில் இருக்கும். ஒரு பக்கத்துக் காம்பைச் சூடாக்கிய இடுக்கியால் நசுக்கி எடுத்தார். இறால் ஒருமுறை வாலை அடித்தது. தண்ணீரில் விட்டதும் போய்விட்டது. அரை நிமிட வேலை. “இனி நாலஞ்சு நாள்ல முட்டை பிடிச்சிரும்” என்றார்.

பீடி சுற்றும் வீட்டிலிருந்து வந்து படிக்கிற ஒரு மாணவி கேட்டாள். “ஆண் இறாலுக்கும் இப்படி வெட்டுவீங்களா சார்?”

“அதுக்கு எதுக்கும்மா?”

அந்தப் பதிலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தொழில் தெரிந்த ஒருவர் உள்ளதைச் சொன்னார். ஆனால் ஊர் திரும்பும்வரை அந்தக் கேள்வியும் பதிலும் என்னோடு வந்தன.

கண்ணை ஏன் வெட்ட வேண்டும்? விலங்கியல் துறைத் தோழி பேருந்தில் விளக்கினாள். இறாலின் கண்காம்பு பார்ப்பதற்கு மட்டும் உரியதல்ல. அதற்குள் ஒரு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்று சினைப்பையைப் பார்த்து ‘பொறு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நீரின் சூடு, வெளிச்சம், ஆழம், தீனி எல்லாம் ஒத்துவரும்போது அந்தத் தடை தளரும், முட்டை வளரும். தொட்டிக்குள் சில இனங்களுக்கு அந்தத் தடை லேசில் தளர்வதில்லை. வனாமி தொட்டியிலும் முதிரும் என்றாலும் தன் கணக்கில்தான் முதிரும், பொரிப்பகத்தின் நாள்கணக்குக்கு வராது. கண்காம்பை எடுத்தால் முட்டை விரைந்து வளர்கிறது என்று 1943இல் பனூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டறிந்தார். 1970களில் கொச்சியை அடுத்த நாரக்கல்லில் நம் நாட்டு இறால்களுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். 2009இல் வனாமி வளர்ப்புக்கு இந்தியா அனுமதி தந்த பிறகு கடற்கரையெங்கும் பொரிப்பகங்கள் பெருகின. உலகம் முழுக்க இந்த வழக்கம் இருக்கிறது.

கண்காம்போடு போவது ‘பொறு’ என்ற சொல் மட்டும் அல்ல. தோலுரிக்கும் காலத்தையும் இரத்தத்தின் சர்க்கரை அளவையும் நடத்துகிற சுரப்புகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. வெட்டப்பட்ட இறால் அடுத்தடுத்து முட்டையிடும். ஓர் ஈட்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். உடம்பில் இருப்பதையெல்லாம் முட்டைக்குள் கொட்டிக்கொட்டி, போகப்போக முட்டையின் தரமும் குறையும். பிறகு புதிய தாய் இறால் வரும்.

அந்த இடுக்கி இல்லாத இடத்தில் இதே வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டைகர் இறால் என்று வியாபாரிகள் சொல்லும் கருவண்டு இறால் நம் கடலுக்கு உரியது. பெண் தோலுரித்து மெத்தென்று இருக்கும் நேரத்தில் ஆண் வந்து சேரும். பெற்ற விந்தை அவள் தன் உடம்பில் ஒரு பையில் வைத்துக்கொள்வாள். முட்டை முதிர்ந்த பிறகு, கரையைவிட்டு விலகிய ஆழத்தில், ஓர் இரவில் முட்டைகளை நீரில் விடுவாள். அவை வெளியே வரும்போதுதான் கருக்கட்டும். அரை நாளில், சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம், முட்டை பொரிந்து நாப்ளியஸ் வரும். அதற்கு இரை வேண்டாம், தாய் வைத்துவிட்ட மஞ்சள்கருவே போதும். ஆறு முறை உருமாறி சோயியா ஆனதும் நுண்பாசியைத் தின்னத் தொடங்கும். அடுத்து மைசிஸ், தலைகீழாக நீந்தும் பருவம். பத்துப் பன்னிரண்டு நாளில் இறாலின் உருவம் வந்துவிடும். அதன்பின் அந்தக் கண்ணளவு உயிர் கழிமுகத்துக்கும் அலையாத்திக் காட்டுக்கும் வந்து சேரும். அங்கே வளர்ந்து, பருவம் வந்ததும் மறுபடி கடலுக்குத் திரும்பும். லட்சக்கணக்கில் பிறந்தாலும் திரும்புவது மிகச் சில. இந்த நீண்ட பயணத்தின் முதல் அடி எப்போது என்பதை முடிவு செய்யும் இடங்களில் ஒன்று அந்தக் கண்காம்பு.

இனி என் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊரில் கல்யாணமாகி மூன்றாம் மாதம் ‘ஏதும் விசேஷம் உண்டா?’ என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி பதினோரு வருடம் நடந்தது. ஊரில் அர்த்தநாரீசுவரர் கோயில் இருக்கிறது. தன் உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமி. அவரைச் சுற்றச் சொன்னார்கள், சுற்றினேன். இவரைச் சுற்றச் சொன்னவர் யாருமில்லை. முப்பத்தேழாவது வயதில் பெரிய நகரத்து மருத்துவமனை ஒன்றில் சோதனைக்குழாய் சிகிச்சைக்குப் போனோம்.

பெண்ணின் உடம்பு மாதத்துக்குச் சில கருமுட்டைப் பைகளை வளர்க்கத் தொடங்கும். ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை நின்று வாடிவிடும். அப்படி நிற்க விடாமல் எல்லாவற்றையும் வளர்த்தெடுக்கத்தான் ஊசி. பத்து நாள் வயிற்றில் போட்டுக்கொண்டேன். ஸ்கேன் திரையில் எண்ணினார்கள். வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் ஐந்து. ‘நல்லா ரெஸ்பான்ஸ் பண்றாங்க’ என்று என்னைப் பார்க்காமல் இவரிடம் சொன்னார்கள். முதல் முறை நிற்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறைக்கான தாள்களைக் கொடுத்தபோது எழுந்து வந்துவிட்டேன்.

மரக்காணத்தில் அந்த இறாலைப் பார்த்ததும் ‘இது நான்தான்’ என்று தோன்றியது உண்மை. கவிதையாகவும் எழுதினேன். பிறகு கிழித்துப்போட்டேன். எனக்கும் அந்த இறாலுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நான் கையெழுத்துப் போட்டேன். பக்கம் பக்கமாக, எல்லாத் தாளிலும். யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு போடவைக்கவில்லை. இறால் எந்தத் தாளிலும் போடவில்லை. அதைப் போய் எனக்கு உவமையாக்கினால், அதன் வலியையும் என் கணக்கில் எழுதிக்கொண்டதாகும்.

ஆனால் கையெழுத்தைப் பற்றித்தான் அதற்குப் பிறகு வெகுநாள் யோசித்தேன். பதினோரு வருடத்தில் ‘உனக்குக் குழந்தை வேண்டுமா?’ என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. ‘எப்போது?’ என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ‘பொறு’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லக்கூடிய ஓர் இடம் எனக்குள் இருந்திருக்கும். அதை எந்த வயதில் யார் எடுத்தார்கள் என்று தெரியாது. அம்மாவா, அத்தையா, வாரம் தவறாமல் வந்த பத்திரிகைத் தொடர்கதையா? வலித்த நினைவே இல்லை. அப்படி எடுத்த பிறகு போடும் கையெழுத்தை என் விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

இதுதான் எனக்குக் கிடைத்த பதில்: ஒரு ‘சரி’ உண்மையான சரிதானா என்பதை அந்தச் சரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் வழி அங்கே திறந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். சொன்னால் வீடு இருக்கிறதா, சோறு இருக்கிறதா, மரியாதை இருக்கிறதா? இருந்தும் அவள் சரி என்றால் அது அவளுடைய சரி. அப்படி விரும்பி, ஊசி போட்டு, பிள்ளை பெற்று மகிழ்ந்திருக்கும் தோழிகள் எனக்கு உண்டு. சிகிச்சையைக் குறைசொல்ல இதை எழுதவில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: தாய்மை இயற்கை, அதற்குப் போய் விருப்பம் கேட்பார்களா? இயற்கையைக் காட்டுகிறவர்கள் கொஞ்சம் கடலுக்குள்ளும் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் கடல்குதிரைகளில் வயிற்றில் சுமந்து குஞ்சு ஈனுவது ஆண். அதே வளைகுடாவின் பவளப்பாறைகளில் வாழும் கோமாளி மீன் கூட்டத்தில் பெரியது பெண். அவள் செத்தால் அவளுடைய ஆணே பெண்ணாக மாறிவிடும். ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும். இதில் எது நமக்குப் பாடம்? ஒன்றுமில்லை. கடல் யாருக்கும் ஒழுக்கம் போதிக்கவில்லை. ஒன்றைப் பொறுக்கி எடுத்து ‘இதுதான் இயற்கை’ என்று காட்டுகிறவரின் விருப்பம்தான் அதில் தெரிகிறது. அந்த இறாலுக்கு இயற்கை கொடுத்தது ‘பொறு’ என்று சொல்லும் கண்ணை. அதைத்தானே வெட்டினார்கள்?

உவமை வேண்டாம் என்றால் இறாலின் கேள்வி தனியாக நிற்கிறது. இங்கிலாந்து 2022இல் இயற்றிய விலங்கு நலச் சட்டம் இறால், நண்டு வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றது. நம் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதன் அல்லாத எந்த உயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. கண்ணை வெட்டாமலே நல்ல தீனியும் பராமரிப்பும் கொடுத்து வனாமியிடம் முட்டை பெற முடியும் என்று அண்மைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியென்றால் அந்த வெட்டு தேவையின் பொருட்டு அல்ல, அவசரத்தின் பொருட்டு. அதைத் தவறு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தூத்துக்குடியில் இறால் உரித்துக் கூலி வாங்கும் பெண்களின் அடுப்பு இந்தத் தொழிலை நம்பி எரிகிறது என்பதையும் மறக்கவில்லை. தொழில் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இந்த வெட்டு வேண்டாம் என்று சொல்லலாம்.

இதே தொழிலிடம் பெண்கள் ‘வேண்டாம்’ என்று சொன்ன வரலாறும் நம்மிடம் இருக்கிறது. 1990களில் நாகப்பட்டினம் பக்கம் வயல்களை ஒட்டி இறால் பண்ணைகள் வந்து குடிநீர் உப்பானபோது, வயல் வேலை இழந்த பெண்கள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனோடு சேர்ந்து போராடினார்கள். அவருடைய கணவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. 2005இல் வந்த புதிய சட்டம், பண்ணைகள் பதிவு பெற்று நடக்க வழி செய்துவிட்டது. ஆனாலும் கூலிக்காரப் பெண்கள் சொன்ன ‘வேண்டாம்’ ஒருமுறை நாட்டின் பெரிய நீதிமன்றம்வரை போய்க் கேட்டது.

மூன்றாம் முறை வேண்டாம் என்று நான் எழுந்து வந்த அன்று அத்தை அழுதார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, “அஞ்சு பெத்தேன். வேணுமா வேண்டாமான்னு எங்கிட்ட யாரு கேட்டா?” என்றார்கள். அதை அவர்கள் குறையாகச் சொன்னார்களா, எனக்குச் சாதகமாகச் சொன்னார்களா என்று இன்றுவரை கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் விசேஷம் பற்றிப் பேசவில்லை.

நற்றிணையின் நெய்தல் பாட்டு ஒன்று நடத்தும்போதெல்லாம் அவர்கள் நினைவு வருகிறது. காயும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்கிறாள் பரதவர் மகள். தேரில் வந்து நிற்கிறான் பெரிய இடத்துப் பையன். அவளுக்காகத் தோழி பேசுகிறாள், எங்களுக்கு ஒத்துவராது, போய் வா என்று. அது குறை வேண்டி வந்த தலைவனைத் தோழி சேட்படுத்தும் உத்தி என்றுதான் உரை சொல்லும். பரீட்சைக்கு அப்படித்தான் எழுதச் சொல்கிறேன். அதோடு, அந்தப் பெண்ணுக்குப் ‘பொறு’ என்று சொல்ல ஒருத்தி பக்கத்தில் இருந்தாள் என்பதையும் சொல்கிறேன்.

அன்று திரும்பி வரும் பேருந்தில், கேள்வி கேட்ட மாணவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மேடம், அதுக்கு இன்னொரு கண்ணு இருக்குல்லா?”

“இருக்கு.”

“அதுல அந்த ஹார்மோன் சுரக்குமா?”

“கொஞ்சம் சுரக்குமாம். ஆனா அது போதாதாம்.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது என்றும், தினமும் ராத்திரி போன் பண்ணி அழுகிறாள் என்றும் சொன்னாள். அக்காவுக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “கேக்கலையே மேடம்” என்றாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் கேள் என்றேன்.