ஜெராக்ஸ் எடுத்த வேண்டுதல்

வியாழக்கிழமையானால் தில்லி ஃபிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில் கூட்டம் சேரும். ஊதுவத்திப் புகை, கரி படிந்த மாடங்கள், சுவரில் ஒட்டவைத்த காசுகள். வருகிறவர்களில் முஸ்லிம்கள் உண்டு, இந்துக்களும் உண்டு. பலர் கையில் கடிதம். அங்கே குடியிருப்பதாக நம்பப்படும் ஜின்களுக்கு எழுதியது. ஆனால் நடை என்னவோ சர்க்கார் ஆபீசுக்குப் போடும் மனுவின் நடைதான்: பெயர், குறை, முழு விலாசம், சிலவற்றில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கடிதம் ஒன்றுதான், ஜெராக்ஸ் பல. மாடத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் போகிறார்கள். மானிடவியலாளர் ஆனந்த் விவேக் தனேஜா இந்த வழக்கத்தை 2017-இல் வெளிவந்த தமது ‘ஜின்னியாலஜி’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எந்த மேஜையில் வேலை நடக்கும் என்று தெரியாத ஊரில், எல்லா மேஜைக்கும் நகல் போடுவது மனுதாரருக்குப் பழகிப்போன விஷயம்.

பக்கத்திலேயே பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஸஃபர் மார்க். அது மாதிரி எந்த அலுவலகத்திலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இதே வேலையைத்தான் செய்கிறது, தலைகீழாக. அதற்குக் ‘கால் கவரேஜ்’ என்று பெயர். அதிகாரியின் போன் மூன்று நான்கு ரிங் அடித்தும் எடுக்கவில்லையா, பி.ஏ.வுக்குப் போ. பி.ஏ. வேறு லைனில் இருக்கிறாரா, செக்‌ஷனுக்குப் போ. அங்கும் ஆள் இல்லையென்றால் ஆபரேட்டர், கடைசியில் வாய்ஸ் மெயில். அவாயா எக்ஸ்சேஞ்சில் இப்படி ஒரு பாதைக்கு ஆறு இடம் வரை போடலாம்.

எண்களை நிரப்புவது பெரிய வேலையில்லை. யாரை நிரப்புவது என்பதில்தான் வம்பு. அவரிடம் என் அழைப்பு போனால் அவர் என்ன பதில் சொல்வார்? அவருக்கு என் வேலை தெரியுமா? இவர் போன் அவருக்கு, அவர் போன் இவருக்கு என்று எழுதிவைத்துவிட்டு இருவரும் சேர்ந்தே டீ குடிக்கப் போனால்? அழைத்தவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் காதில் ரிங் போய்க்கொண்டே இருக்கும். ரிங் மேஜை மாறுகிறது, சரி. பதில் சொல்லும் கடமையும் கூடவே மாறிவிடுகிறதா?

இதற்கு இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழைய பதில் ஒன்று கோட்லாவிலேயே நிற்கிறது. கட்டடத்தின் உச்சியில் இருப்பது அசோகர் தூண். ஹரியானாவின் தோப்ராவில் இருந்ததை 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் இலவம்பஞ்சு மெத்தையில் சாய்த்து, 42 சக்கர வண்டியில் யமுனைக் கரைக்கு இழுத்துவந்து, படகேற்றித் தில்லி சேர்த்தார். அன்று அதன் எழுத்தைப் படிக்க ஆளில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்தபின்தான் விஷயம் தெரிந்தது. மனுக்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வருகிற இடத்தில் நிற்கும் அந்தத் தூணில், மனு கேட்கும் பொறுப்பை யாரிடம் விட்டேன் என்று ஒரு ராஜா சொல்லியிருக்கிறார்.

அசோகர் முன்பு பாறையில் வெட்டுவித்த ஆறாம் சாசனத்தில் வேறு குரல். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அந்தப்புரத்தில் இருந்தாலும், தோட்டத்தில் இருந்தாலும் ஜனங்களின் காரியத்தை என்னிடம் சொல்லலாம் என்கிறார். ஏறக்குறைய நேர் லைன், இடையில் சேதி சொல்கிறவர்கள் மட்டும். தூணின் நான்காம் சாசனம் பட்டம் சூட்டி 26 ஆண்டுகள் ஆனபின் எழுதியது. அதற்குள் ரஜ்ஜுகர் என்னும் அதிகாரிகள் பல லட்சம் பேருக்குப் பொறுப்பாகிவிட்டார்கள், விசாரணையும் தண்டனையும் அவர்கள் கையில். கெட்டிக்காரச் செவிலியிடம் குழந்தையை ஒப்படைத்தவன் நிம்மதியாக இருப்பதுபோல நான் இவர்களை நியமித்தேன் என்கிறார் அசோகர். உவமை அழகுதான். ஆனால் நிம்மதி யாருக்கு? ஒப்படைத்தவனுக்கு. குழந்தையை யாரும் கேட்கவில்லை.

அசோகருக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்க வேண்டும். அதே சாசனத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் தருகிறார், உறவினர் உயிருக்காக மன்றாடிப் பார்க்கட்டும் என்று. ஆளை நியமித்ததோடு கை கழுவவில்லை. அவர் தவறினால் மறுபடி மணி அடிக்க ஓர் இடம் வைத்தார். செவிலி உவமையைவிட இந்த மூன்று நாள்தான் பெரிது.

திருவாரூர்க் கதை இன்னும் கறார். இளவரசனின் தேரில் அடிபட்டு இறந்த கன்றுக்காகப் பசு அரண்மனை மணியை அடித்தது, மனுநீதிச் சோழன் வந்தான். மகனைத் தேர்க்காலில் இடும் வேலையை அமைச்சரிடம் விட்டான். அமைச்சர் அதைச் செய்யாமல் தன் உயிரை விட்டார் என்கிறது பெரியபுராணம். பிறகு அரசனே தேரேறினான். ஒப்படைத்த வேலை திரும்பவும் அவன் மேஜைக்கே வந்துவிட்டது, நடுவில் ஓர் உயிரைக் காவு வாங்கிக்கொண்டு.

வைணவர்கள் இதில் நுட்பமானவர்கள். தாயாரைப் புருஷகாரம் என்பார்கள், பெருமாளிடம் பரிந்து பேசுகிறவள். அவள் பெருமாளுக்குப் பதிலாகப் போனை எடுப்பதில்லை, அவரையே எடுக்கவைக்கிறாள். நல்ல பி.ஏ.வுக்கும் வெறுமனே “சார் மீட்டிங்கில் இருக்கார்” என்று சொல்லி வைத்துவிடுகிறவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அலுவலகத்தில் பாதையைப் போடுவது போனுக்குச் சொந்தக்காரர். கோட்லாவில் அழைக்கிறவரே போட்டுக்கொள்கிறார். இன்றைக்கு எந்த ஜின் இருக்கும், எது செவிகொடுக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் இந்த மாடத்தில் ஒன்று, அடுத்ததில் ஒன்று, தூணுக்குக் கீழே இருட்டறையில் ஒன்று. ஒவ்வொரு நகலிலும் முழு விலாசம் மறக்காமல் இருக்கிறது, யார் எடுத்தாலும் வீட்டைத் தேடி வர.