ஸபீலின் சாவி

கெய்ரோவின் பழைய நகரத்தில் முஇஸ் வீதி இரண்டாகப் பிரிகிற முனையில் ஒரு கட்டடம் கப்பலின் மூக்குபோல நீட்டிக்கொண்டு நிற்கும். உஸ்மானியர் காலத்துப் படைத்தலைவரான அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டிய ஸபீல் அது. கீழே தண்ணீர்ப் பந்தல், மேலே ஓதும் பள்ளி. நைல் தண்ணீரைத் தோல்பைகளில் ஒட்டகம் சுமந்து வரும். அதை நிலத்தடித் தொட்டியில் நிரப்புவார்கள். வழிப்போக்கர்கள் வெண்கலக் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று குவளையில் வாங்கிக் குடிப்பார்கள். மாடியில் சிறுவர்கள் குர்ஆன் ஓதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இத்தனைக்கும் செலவு, வக்ஃபு செய்யப்பட்ட, அதாவது அறத்துக்கென்று நிரந்தரமாக எழுதிவைக்கப்பட்ட, சொத்துகளின் வருமானத்திலிருந்து.

1982இல் அல்அஸ்ஹரில் ஓதப் போன புதிதில் ஒரு மதிய வெயிலில் அதன் முன்னால் போய் நின்றேன். நல்ல தாகம். கம்பிவலையெல்லாம் தூசி. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளிக் கிழவரிடம், என் புத்தக அரபியில், "தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "வக்ஃபு இருந்த காலத்தில் கிடைத்தது, மகனே. இப்போது சாவி ஹுகூமத்திடம் இருக்கிறது" என்றார். ஹுகூமத் என்றால் அரசாங்கம். பிறகு தன்னுடைய மண்கூஜாவிலிருந்தே ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது காயல்பட்டினத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு மாணவனாவது கேட்டுவிடுவான்: "ஹஸ்ரத், மார்க்கமும் அரசாங்கமும் இஸ்லாத்தில் ஒன்றா, வேறா?" ஒன்று என்று சொன்னால் ஒரு கட்சிக்காரன் ஆகிவிடுவேன், வேறு என்று சொன்னால் இன்னொரு கட்சிக்காரன். அந்தக் கேள்வியில் மார்க்கம், அரசாங்கம் என்று இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். தாகத்தோடு நிற்கிறவனும், தொட்டிக்குச் சொத்து எழுதிவைத்தவனும் அதில் இல்லை. ஆகவே நான் கெய்ரோவிலிருந்துதான் பதிலை ஆரம்பிப்பேன்.

1240களில் அந்த நகரத்தில் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் என்ற ஷாஃபிஈ சட்ட அறிஞர் காழியாக, அதாவது நீதிபதியாக, இருந்தார். அதற்குமுன் டமாஸ்கஸில் இருந்தவர். அங்கே சுல்தான் சிலுவைப்போர்க்காரர்களுக்குக் கோட்டைகளை விட்டுக்கொடுத்தபோது, ஜும்ஆ குத்பா என்ற வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் அந்தச் சுல்தானின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதற்காகச் சிறைப்பட்டு, பிறகு எகிப்துக்கு வந்து சேர்ந்தவர். எகிப்தின் சுல்தான் ஸாலிஹ் அய்யூபுக்குத் துருக்கிய அடிமைகளைக் கொண்ட படை இருந்தது. அந்த அடிமைகளில் பலர் அமீர்கள் என்ற தளபதிகளாகி நாட்டையே நடத்திக்கொண்டிருந்தார்கள். இஸ்ஸுத்தீன் பத்திரங்களைப் புரட்டினார். இவர்களைப் பொதுக் கருவூலப் பணத்தில் வாங்கியிருக்கிறார்கள், விடுதலை செய்ததற்கு ஆதாரம் இல்லை. அப்படியானால் இவர்கள் இன்னும் அடிமைகள்தான், இவர்கள் செய்யும் விற்பனையும் திருமணமும் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த அமீர்களில் ஒருவர் சுல்தானின் துணை ஆட்சியாளர்.

சுல்தான் கோபப்பட்டார். இஸ்ஸுத்தீன் ஒன்றும் பேசவில்லை. சாமான்களை ஒரு கழுதையில் ஏற்றி, குடும்பத்தை இன்னொன்றில் ஏற்றி, ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் கெய்ரோவின் மார்க்க அறிஞர்களான ஆலிம்களும் வியாபாரிகளும் பெண்களும் பிள்ளைகளும் அவருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இவர் போனால் உங்கள் ஆட்சியும் கூடவே போய்விடும் என்று யாரோ சுல்தானிடம் சொல்ல, அவரே குதிரையில் விரட்டிவந்து சமாதானம் பேசினார். கடைசியில் அமீர்கள் ஒவ்வொருவராக ஏலம் விடப்பட்டார்கள். நல்ல விலைக்குத்தான். பணம் பொதுக் காரியங்களுக்குப் போனது. அவர்கள் விடுதலை பெற்றார்கள். 'அமீர்களை விற்றவர்' என்ற பெயர் இஸ்ஸுத்தீனுக்கு நிலைத்துவிட்டது.

இதை நமக்கு எழுதிவைத்த ஸுப்கீ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிந்தியவர், அவரும் ஷாஃபிஈ. தம் மத்ஹபுக்காரரை, அதாவது தம் சட்ட மரபுக்காரரை, கொஞ்சம் தூக்கியே சொல்லியிருப்பார். இருக்கட்டும். இந்தக் கதையைச் சொல்ல வேண்டும், நம்ப வேண்டும் என்று ஒரு சமூகம் விரும்பியது, அதுவே எனக்குச் செய்தி. அந்தக் கழுதைக்குப் பின்னால் நடந்த கூட்டத்தைக் கவனியுங்கள். காழியிடம் படையில்லை. சுல்தானிடம் சட்டம் இல்லை. நடுவில் நின்ற ஊர்தான் முடிவு செய்தது.

சுல்தானிடம் சட்டம் இல்லை என்று சொன்னால் மாணவர்கள் முழிப்பார்கள். சுல்தான் வரி போடலாம், ஆணை போடலாம், தலையைக்கூட எடுக்கலாம். ஆனால் ஒரு வீட்டை விற்றால் எப்போது விற்பனை செல்லும், ஒருவர் மவுத்தானால் மகளுக்கு என்ன பங்கு, இதெல்லாம் அவர் எழுதியதல்ல. ஆலிம்கள் எழுதியது. 820இல் கெய்ரோவுக்குப் பக்கத்து ஃபுஸ்தாத்தில் மவுத்தான இமாம் ஷாஃபிஈ எந்த நாட்டுக்கும் சட்டமியற்றும் அதிகாரி இல்லை. அவருடைய மத்ஹப்தான் அரபு வணிகர்களோடு கடலேறி எங்கள் காயல்பட்டினக் கரையிலும் இறங்கியது. எந்தச் சுல்தானின் படையும் அதைக் கொண்டுவரவில்லை. இங்கே நிக்காஹும் பாகப்பிரிவினையும் நடந்தது ஒரு முஸ்லிம் அரசாங்கத்தின் ஆணையால் அல்ல. சட்டம் அரசை விட்டுவிட்டுத் தனியாகப் பயணம் செய்ய முடியும் என்பதற்கு நாங்களே சாட்சி.

சட்டத்துக்கு மத்ஹப் இருந்ததுபோல் சமூகத்தின் கைச்செலவுக்கு வக்ஃபு இருந்தது. முஇஸ் வீதியிலேயே ஸபீலிலிருந்து கொஞ்சம் தெற்கே நடந்தால் சுல்தான் கலாவூனின் வளாகம் வரும். கலாவூனும் அடிமையாக வந்தவர்தான். ஆயிரம் தீனாருக்கு வாங்கப்பட்டதால் 'அல்அல்ஃபீ', ஆயிரத்தான், என்று பெயர். அவர் 1284இல் கட்டத் தொடங்கிய மருத்துவமனையில் ஆண் பெண், பணக்காரர் ஏழை என்ற வித்தியாசமில்லாமல் சிகிச்சை. அதை நடத்தியது அவர் எழுதிவைத்த வக்ஃபு. ஆட்சி கைமாறியது, வம்சம் அழிந்தது, கலாவூனைப்போல அடிமைப்படையிலிருந்து வந்த மாம்லூக்குகள் போய் உஸ்மானியர் வந்தார்கள். மருத்துவமனை நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. அந்த இடத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை இருக்கிறது.

இதைப் பொற்காலம் என்று பாடிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அதே கலாவூன் வளாகத்துக்கு ஓர் அரண்மனையிலிருந்தவர்களைக் கிளப்பித்தான் இடம் எடுத்தார்கள். தெருவில் போகிறவர்களைப் பிடித்துக் கல் சுமக்கவைத்தார்கள். அப்படிக் கட்டிய இடத்தில் தொழுவது கூடாது என்று சில ஆலிம்கள் சொன்னதாக மக்ரீஸி என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். இஸ்ஸுத்தீன் அமீர்களை ஏலம் விட்டாரே தவிர, மனிதனை ஏலம் விடலாமா என்று கேட்கவில்லை. வக்ஃபுக்கும் உள்நோக்கம் உண்டு. அதை வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1332இல் துனீஸில் பிறந்து, 1406இல் கெய்ரோவில் மவுத்தானவர். ஆறு முறை காழியாக நியமிக்கப்பட்டு ஐந்து முறை பதவி போனவர். தங்கள் சொத்தைச் சுல்தான் பிடுங்கிக்கொள்வார், பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள் என்று துருக்கிய அமீர்களுக்குப் பயம். ஆகவே மதரஸா கட்டி, நிலத்தை வக்ஃபாக்கி, நிர்வாகத்தைப் பிள்ளைகளிடம் விட்டு, வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு வைத்துவிடுகிறார்கள். கூடவே நன்மையும் கிடைக்கும். இது அவருடைய கணிப்பு. கெய்ரோவில் கல்வி செழித்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்கிறார் அந்த மனிதர். வரி குறைவாக இருக்கும்போது கருவூலம் நிறைகிறது, ஆட்சி கிழடாகி வரியை ஏற்றும்போது வற்றுகிறது என்று எழுதியதும் அவர்தான். அரசு கொடுமைப்படுத்தினால் ஊரே பாழாகும் என்பது அவருக்கு மறுமையைப் பற்றிய எச்சரிக்கை மட்டுமல்ல, இம்மையின் கணக்கு.

ஆக, அரசும் மார்க்கமும் ஒன்றாகவும் இல்லை, முழுக்கப் பிரிந்தும் இல்லை. காழிக்குச் சம்பளமும் பதவியும் சுல்தான் கொடுத்தார். சுல்தானுக்குக் குத்பாவில் பெயரை ஆலிம் கொடுத்தார். ஒருவருக்கு மற்றவர் தேவை, ஒருவர்மேல் மற்றவருக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தின் இடைவெளியில்தான் சாதாரண மனிதனுக்கு மூச்சுவிட இடம் இருந்தது.

அந்த இடைவெளி மூடிய கதைக்கும் ஒரு பயணம் இருக்கிறது. உமர் மக்ரம் என்பவர் நபி வம்சத்தாரின் தலைவராகக் கெய்ரோவில் இருந்தவர். 1805இல் மக்களைத் திரட்டி முஹம்மது அலியைப் பாஷாவாக, அதாவது எகிப்தின் ஆளுநராக, உட்காரவைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு. நாலே வருடத்தில், வக்ஃபு நிலங்கள் உட்படப் புதிய வரிகளைப் பாஷா போட்டபோது உமர் மக்ரம் எதிர்த்தார். 1809இல் அவரை தம்யாத்துக்கு நாடுகடத்திவிட்டார் பாஷா. இந்த முறை ஆட்சியாளர் யாரும் பின்னால் விரட்டிவந்து அழைக்கவில்லை. அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஜபர்த்தீ எழுதியதைப் படித்தால் வயிறு எரியும். உமர் மக்ரமின் செல்வாக்கின்மேல் பொறாமைப்பட்ட மற்ற ஷேக்மார்களே பாஷா பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கோட்டையைத் திறந்துவிட்டவர்கள் உள்ளே இருந்தவர்கள்தான்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே திசையில். 1883இல் பிரெஞ்சு மாதிரியில் சட்டத் தொகுப்புகள் வந்தன. 1913இல் வக்ஃபுக்கு ஓர் அமைச்சகம். 1952இல் குடும்ப வக்ஃபுகள் ஒழிக்கப்பட்டன. அடுத்த வருடம் தர்ம வக்ஃபுகள் அமைச்சகத்தின் பிடிக்குள் போயின. 1956 பிறந்தபோது ஷரீஅத் நீதிமன்றங்கள் இல்லை. 1961இன் சட்டம் அல்அஸ்ஹரையே அரசின் கீழ் கொண்டுவந்தது. இதையெல்லாம் செய்தவர்கள் தங்களை மார்க்கத்தின் எதிரிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. குடும்ப வக்ஃபுகளில் ஊழல் மலிந்திருந்ததும் பொய்யல்ல. ஆனால் நோயைக் காட்டி நோயாளியின் வீட்டையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

நான் போவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1980இல், அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவைத் திருத்தியிருந்தார்கள். ஷரீஅத்தின் கோட்பாடுகள் 'ஒரு' முதன்மை ஆதாரம் என்று இருந்தது 'முதன்மை ஆதாரமே' என்று ஆனது. எங்கள் விடுதியில் சிலர் மிட்டாய் கொடுத்தார்கள் என்று மூத்த மாணவர்கள் சொன்னார்கள். நானும் முதலில் சந்தோஷப்பட்டவன்தான். பிறகு யோசித்தேன். கோட்பாடு எது என்று யார் சொல்வது? அரசின் நாடாளுமன்றமும் அரசின் நீதிமன்றமும். எழுநூறு வருடங்களுக்கு முன் சுல்தானிடம் இல்லாத ஒன்று இன்று அரசின் கைக்கு வந்துவிட்டது. 2014இலிருந்து வெள்ளிக்கிழமை குத்பாவுக்கு என்ன தலைப்பு என்பதையும் வக்ஃபு அமைச்சகமே நாடு முழுதும் ஒன்றாகக் குறித்து அனுப்புகிறது. குத்பாவில் சுல்தான் பெயரை விட்டுவிட்ட இஸ்ஸுத்தீன் இன்று மிம்பர் மேடையில் ஏறினால் என்ன செய்வார் என்று நினைத்துக்கொள்வேன்.

அஸ்பக்கிய்யா பழைய புத்தகக் கடைகளில் அலீ அப்துர் ராஸிக்கின் நூலை வாங்கி ஒளித்துவைத்துப் படித்த காலம் அது. துருக்கியில் கிலாஃபத் ஒழிந்த மறுவருடம், 1925இல், வெளிவந்த நூல். எழுதியவர் அஸ்ஹரில் ஓதியவர், மன்ஸூராவில் ஷரீஅத் காழி. நபிகள் கொண்டுவந்தது மார்க்கம், கிலாஃபத் என்ற ஆட்சிமுறை மார்க்கக் கடமை அல்ல என்றார். தானே கலீஃபாவாகலாம் என்று மன்னர் ஃபுஆத் கனவு கண்டிருந்த நேரம். மூத்த ஆலிம்களின் அவை அவரை ஆலிம்களின் வரிசையிலிருந்தே நீக்கியது. காழி வேலையும் போனது. அவருடைய வாதம் எனக்கு முழுக்க உடன்பாடில்லை. அரசை மார்க்கத்திலிருந்து பிரித்தார், சரி. பிரித்த பிறகு அந்த அரசிடமிருந்து சமூகத்தைக் காப்பது எது என்று கேட்கவில்லை. காலம் அவரோடு விளையாடியது. 1940களின் கடைசியில் அவரே எகிப்தின் வக்ஃபு அமைச்சரானார்.

இஸ்லாமிய அரசு வேண்டும் என்கிறவர்களும் கூடாது என்கிறவர்களும் ஒரே கட்டடத்தைத்தான் பார்க்கிறார்கள், அமைச்சகக் கட்டடத்தை. சாவி நம்மவர் கையில் இருக்க வேண்டும் என்பது ஒரு சாராரின் சண்டை, அவர்கள் கையில் இருக்கக் கூடாது என்பது மற்றவர்களின் சண்டை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மாணவன் விடமாட்டான். "அப்படியானால் எல்லாவற்றையும் ஊரே பார்த்துக்கொள்ளும் என்கிறீர்களா, ஹஸ்ரத்?" என்பான். அப்போது எங்கள் குடும்பக் கதையைச் சொல்வேன்.

என் வாப்பாவின் வாப்பா ஒரு சிறிய தென்னந்தோப்பை வக்ஃபு செய்திருந்தார், ரமலானில் எங்கள் தெருப் பள்ளியில் நோன்புக் கஞ்சிக்காக. கணக்கைப் பார்த்தவர் எங்கள் பெரியவாப்பா. ஒரு வருடம் அவர் வீட்டில் கல்யாணம். தோப்புப் பணம் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஜமாஅத்தில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். இரண்டு ரமலான் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அஸர் தொழுகை முடிந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தூக்குப் பாத்திரத்தோடு வந்த ஒரு கிழவி, பிள்ளையில்லாதவர், எங்கள் வீட்டுக்கு உமி புடைக்க வருகிறவர், வாங்கிய கஞ்சியைச் சாய்த்துப் பார்த்தார். எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

"ஏன் வாப்பா, தோப்புல இந்த வருஷமும் தேங்காய் காய்க்கலையா?"

பெரியவாப்பா அகப்பையைக் கீழே வைத்தார். அன்று இரவு தராவீஹ் தொழுகை முடிந்ததும் கணக்குப் புத்தகம் பள்ளித் திண்ணைக்கு வந்தது.