கட்டுப்படியாகும் விலை

சென்ற ஆண்டு விழுப்புரத்தில் ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "இதைவிடக் குறைந்த விலையில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். கேட்ட பொருள் மின்சாரப் பல் பிரஷ். யாருக்காகக் கேட்டேன் என்பதைச் சொன்னால் வாசகர்கள் என்னைப் பற்றிச் சற்றுத் தாழ்வாகவே நினைப்பார்கள். என் தகப்பனாருக்காகத்தான் கேட்டேன்.

அதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான் என் பையனுக்கு ஒரு கைப்பேசி வாங்கியிருந்தேன். அந்தக் கடையில் நான் கேட்ட கேள்வி வேறு. "இதைவிட நல்லதாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். இரண்டு கேள்விகளும் ஒரே வாயிலிருந்து வந்தவைதாம்.

அப்பா திண்டிவனத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வயது எண்பத்து மூன்று. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது வரையில் அவர் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. விடியற்காலையில் எழுந்து, வேப்பமரத்தடிக்குப் போய், அண்ணாந்து பார்த்து, மிகவும் இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாமல் ஒரு குச்சியைத் தேர்ந்தெடுப்பார். நுனியை மென்று நாராக்கிக்கொண்டு அரைமணி நேரம் நடப்பார். கடைசியில் அதே குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழிப்பார். செலவு ஒன்றுமில்லை. மரமும் ஊருக்குப் பொது.

நடுக்குவாதம் வந்த பிறகு குச்சியும் போயிற்று, சாதாரண பிரஷ்ஷும் போயிற்று. பிரஷ் பல்லில் படாமல் ஈறில் இடிக்கும், ரத்தம் வரும். பிறகு அண்ணிதான் அவரை நாற்காலியில் உட்கார்த்தி, மோவாயைப் பிடித்துக்கொண்டு தேய்த்து விடுவாள். அந்த நேரம் முழுவதும் அப்பா கண்களை மூடிக்கொண்டிருப்பார். மருமகள் எதிரில் மேல்துண்டு இல்லாமல் நின்றறியாத மனிதர் அவர். நான் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவனைப் போல வெளியே வந்து பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பல் டாக்டர்தான் யோசனை சொன்னார்: "மின்சார பிரஷ் வாங்கிக் கொடுங்கள். அவர் கையை ஆட்ட வேண்டியதில்லை. பல்லின்மேல் வைத்துப் பிடித்தால் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பல் துலக்கக்கூட மின்சாரமா, பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் அல்லவா இது என்று நினைத்தேன். பிறகுதான் அதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொண்டேன். 1954-ல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கி வூக் என்பவர் 'பிராக்ஸொடென்ட்' என்ற முதல் மின்சார பிரஷ்ஷைச் செய்தபோது, கை சரியாக இயங்காத நோயாளிகளையும், பல்லுக்குக் கம்பி கட்டியவர்களையும் மனத்தில் வைத்துத்தான் செய்தாராம். 1960-ல் அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. நடுங்கும் கைக்காகப் பிறந்த பொருளைத்தான் நான் இத்தனை நாளாக ஆடம்பரம் என்று ஏளனம் செய்துகொண்டிருந்தேன்.

ஆரோக்கியமான கை உள்ளவனுக்கு அது எவ்வளவு தூரம் அவசியம்? 2014-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 56 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மூன்று மாதத்துக்குமேல் மின்சார பிரஷ்ஷை உபயோகித்தவர்களின் பல்லில் படியும் அழுக்கு சுமார் 21 சதவீதமும், ஈறு அழற்சி சுமார் 11 சதவீதமும் குறைந்திருந்தன. நல்லதுதான், ஆனாலும் அது இல்லாமல் வாழ்க்கை நின்றுவிடாது. ஆகவே எனக்கு அது ஒரு சௌகரியம். அப்பாவுக்கோ, காலையில் மருமகள் எதிரில் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு ஒரு வழி. பொருள் ஒன்றுதான். அதை ஒரே தராசில் நிறுக்கலாமா?

நான் நிறுத்தேன். கடைக்காரர் மூன்று ரகம் காட்டினார். பாட்டரி போட்டு ஓடுவது சில நூறு ரூபாய். சார்ஜ் செய்வது ஆயிரத்துக்கு மேல். மூன்றாவது ரகம் பல ஆயிரம். அது நம் கைப்பேசியோடு பேசி, எந்தக் கடைவாய்ப் பல்லை விட்டுவிட்டோம் என்று கோள் சொல்லுமாம். அதைக் கும்பிட்டு ஒதுக்கினேன். முதல் ரகத்திலும் ஆகக் குறைந்த விலையுள்ளதை எடுத்துக்கொண்டு, "நமக்குக் கட்டுப்படியாக வேண்டாமா?" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன்.

'கட்டுப்படி' என்பது நம் போன்ற குடும்பங்களின் மூல மந்திரம். அதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டால் என் அப்பா குமாஸ்தா சம்பளத்தில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்க முடியாது. ஆனால் அவர் அந்தச் சொல்லைச் சொன்னபோதெல்லாம் தம் வேட்டியை ஒரு வருஷம் கூடுதலாகக் கட்டினார். நான் சொன்னபோது குறைந்தது யாருடைய பங்கு?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். பாசஞ்சர் வண்டியில் போனேன். வழியில் முண்டியம்பாக்கம். அங்கே சர்க்கரை ஆலையும் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. நோயையும் மருந்தையும் ஒரே ஊரில் வைத்தவர்களின் முன்யோசனையை வியந்துகொண்டே போனேன். திண்டிவனமோ திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு. பல் கூசுகிறவனுக்கு ஏற்ற ஊர்!

அப்பா அந்த பிரஷ்ஷை முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அது 'விர்ர்' என்றதும் திடுக்கிட்டார். மறுநாள் காலையில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால்மணி நேரம் கழித்து வெளியே வந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "காப்பி கொண்டு வா, அம்மா" என்று அண்ணியிடம் சொன்னார். அந்தக் குரலில் பழைய தாலுகா ஆபீஸ் குரல் கொஞ்சம் இருந்தது. நான் மிகுந்த திருப்தியோடு ஊர் திரும்பினேன். ஐந்து மாதம் அந்தத் திருப்தியிலேயே இருந்தேன்.

பிரஷ்ஷின் தலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அட்டைப் பெட்டியிலேயே எழுதியிருந்தது. நான் வாங்கிய ரகத்துக்குத் தனித் தலை திண்டிவனத்தில் கிடைக்கவில்லை என்பது தெரியாது. வாங்கும்போது நான் விசாரிக்கவில்லை. பாட்டரி ரகம் மட்டம் என்று சொல்லமாட்டேன். தெருக்கோடிக் கடையில் பாட்டரி வாங்கிப் போட்டால் ஓடுகிறது. அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்கு அதுவே உத்தமம். ஆனால் தலை கிடைக்காத பிரஷ் எந்த விலையில் வந்தாலும் அது அரைப் பொருள்தான்.

ஐந்தாம் மாதம் போனபோது குளியலறை மாடத்தில் அதைப் பார்த்தேன். மயிர்கள் பழந்துடைப்பம் போல நாலாபக்கமும் விரிந்து கிடந்தன. பொத்தானை அழுத்தினேன். முனகியது, ஓடவில்லை.

"அண்ணி, இது எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?"

"ஒரு மாதம் இருக்கும், தம்பி. பாட்டரி நான்தான் வாங்கி வாங்கிப் போட்டேன். இப்போது அதற்கும் ஓடவில்லை. பழையபடி நான் தேய்த்து விடுகிறேன் மாமா என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு அவரே அதை வைத்துத் தேய்க்கிறார். ரத்தம் வருகிறது. உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்."

நான் மாடத்தடியிலேயே நின்றேன். அந்த மலிவு விலைக்குள் அடங்காத கணக்கெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. அண்ணியின் பாட்டரிக் காசு என் கணக்கில் இல்லை. அதற்கு முன்னால் ஆண்டுக்கணக்காக அவள் விடியற்காலையில் எழுந்து செய்த வேலைக்கும் நான் விலை போட்டதில்லை. போட்டிருந்தால் கடையில் இருந்த எந்த பிரஷ்ஷும் எனக்கு விலை அதிகமாகத் தோன்றியிருக்காது. இவையெல்லாம் யார் தலையிலாவது விழுந்துகொண்டிருந்தபடியால்தான் எனக்குக் கட்டுப்படியாயிற்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாத்திய கதவு ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றும் பொறுப்பை நான் மறந்துபோனேன். முதலிலேயே கொடுக்காமல் இருந்திருந்தால், அண்ணி கையாலாவது அவர் பல் சுத்தமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரமே சார்ஜ் செய்யும் ரகம் ஒன்றை வாங்கினேன். இந்த முறை விலையைக் கடைசியில்தான் கேட்டேன். கைப்பிடி தடிப்பாக, வழுக்காமல் இருக்கிறதா, பொத்தான் ஒன்றே ஒன்றுதானா, மயிர் மிருதுவா, அழுத்திப் பிடித்தால் தானே வேகம் குறைகிறதா, தலை தனியாகக் கிடைக்கிறதா என்று கடைக்காரர் சலித்துப்போகும் வரை கேட்டேன். தலைகள் நான்கு வாங்கி, ஒவ்வொன்றின் உறையிலும் மாற்றவேண்டிய மாதத்தை மையால் எழுதினேன். பையனின் கைப்பேசி விலையில் அது ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அப்பா அதைக் கையில் வாங்கி, நடுங்கும் விரல்களால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறைகளில் எழுதியிருந்த மாதங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"என்ன விலை?" என்றார்.

பாதி விலையைச் சொன்னேன்.

"கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.